கொழும்பின் சராசரிக் குடும்பம்: இடையும் இடையமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

'சராசரி' என்பது நமது அன்றாட வழக்கில் மிகத் தாராளமாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று. சராசரி வருமானம், சராசரிச் செலவு, சராசரிக் குடும்பம் என்று அரச அறிக்கைகளும் நாளிதழ்களும் எழுதுகின்றன. நாமும் வாசித்து அப்பாற் செல்கின்றோம். அச்சராசரி எவருடையது, எவரை உள்ளடக்கி எவரை விலக்கிப் பெறப்பட்டது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. கொழும்புத் தொழிலாளர் குடும்பமொன்றின் வாழ்க்கைச் செலவை அளப்பதற்கெனத் தோன்றிய சுட்டெண்ணின் வரலாற்றை முன்வைத்து அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலிற் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். எண்கள் அனைத்தையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவதை நமது பாடநூல்கள் இடை என்கின்றன. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவே நிற்பதைத் தெரிந்தால் அது இடையம். தமிழ்நாட்டார் முன்னதைச் சராசரி என்றும் பின்னதை இடைநிலை என்றும் வழங்குவர். பொதுமக்கள் பேச்சில் இரண்டுக்கும் சராசரி என்ற ஒரே சொல்லே நிற்கின்றது. குழப்பத்தின் ஒரு பாதி இங்கேயே தொடங்குகின்றது எனலாம்.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு ஏழு குடும்பங்கள். ஆறு குடும்பங்களின் மாத வருமானம் முறையே 30, 35, 40, 45, 50, 60 ஆயிரம் ரூபா. ஒழுங்கை முகப்பில் மாடிவீட்டில் வாழும் மொத்த வியாபாரியின் வருமானம் 440 ஆயிரம். மொத்தம் ஏழு இலட்சம். ஆகவே இடை ஓர் இலட்சம். அந்த ஓர் இலட்சத்தை ஈட்டும் குடும்பம் அவ்வொழுங்கையில் ஒன்றேனும் இல்லை. இடையமோ 45 ஆயிரம். வியாபாரியின் வருமானம் இருமடங்காயின் இடை ஏறத்தாழ 1,63,000 ரூபாவாக உயரும். ஏனைய ஆறு வீடுகளின் அடுப்பில் எம்மாற்றமும் நிகழ்ந்திராது. இடையம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதனால் இடையம் நேர்மையானது, இடை வஞ்சகமானது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். மிக வறிய குடும்பத்தின் வருமானம் முப்பதாயிரத்திலிருந்து பத்தாயிரமாக வீழ்ந்தாலும் இடையம் அசைவதில்லை. மேலே குவியும் செல்வத்தை அது பொருட்படுத்தாதது போலவே, கீழே ஆழமாகும் வறுமையையும் பொருட்படுத்தாது. மேலும், ஒழுங்கைக்கு வேண்டிய அரிசியின் மொத்த அளவைக் கணக்கிட விழைபவருக்கு இடையே பயன்படும். இடையத்தைக் குடும்பங்களின் தொகையாற் பெருக்கினால் மொத்தம் கிடைப்பதில்லை. எந்த வினாவுக்கு எந்த அளவை என்பதே கேள்வி.

இனி வரலாற்றுக்கு வருவோம். வெள்ளவத்தை நூல்நூற்பு நெசவாலையில் 1933ஆம் ஆண்டு கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் எழுந்தது. கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் கழகத்தினர் அதற்குத் துணைநின்றமை இடதுசாரி இயக்க வரலாற்றை அறிந்தோர்க்குப் புதிதன்று. விலைவாசி உயர்ந்தது, இல்லை தாழ்ந்தது என்று தொழிலாளரும் முதலாளிமாரும் வாதிடும்போது, இரு சாராரும் ஏற்கத்தக்க பொதுவான அளவுகோலின் தேவை வெளிப்படையாகின்றது. இரண்டாம் உலகப்போருக்குச் சற்று முந்திய விலைகளை அடியாகக்கொண்டு கொழும்புத் தொழிலாளர்க்கான வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் பின்னர் அமைந்தது. அதன் வழிவந்ததே 1952ஆம் ஆண்டை அடியாண்டாகக்கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்.

இச்சுட்டெண்ணின் அடித்தளம் 1949–50இல் கொழும்பு நகரில் 455 தொழிலாளர் குடும்பங்களிடையே நடாத்தப்பெற்ற வரவுசெலவு ஆய்வாகும். அக்குடும்பங்களின் செலவை ஒன்றுதிரட்டிப் பெற்ற நிறைகள் வருமாறு: நூற்றுக்கு உணவு 61.9, உடை 9.4; எரிபொருளும் வெளிச்சமும் 4.3, வாடகை 5.7, எஞ்சியது பலவகைச் செலவு. விலைச்சுட்டெண் என்பது இவ்வாறு நிறையிடப்பட்ட ஓர் இடையன்றி வேறில்லை. உணவு விலை ஏறினால் அதன் தாக்கம் 61.9 பங்கு, வாடகை ஏறினால் 5.7 பங்கு மட்டுமே.

தன் காலத்திற்கு இது நேர்த்தியான முயற்சியே. தொழிலாளர் குடும்பங்களை மட்டும் தெரிந்தமையால் அவர்களிடையே வருமான ஏற்றத்தாழ்வு ஓரளவு குறுகியதாக இருந்தது. இடை பெரும்பான்மையோரை விட்டு வெகுதூரம் விலகிச் செல்ல வாய்ப்பில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. 1949–50இன் குடும்பம் 2007 வரை கொழும்பின் குடும்பமாக நிறுத்தி வைக்கப்பட்டது. கூப்பன் அரிசிக் காலம் சென்றது, திறந்த பொருளாதாரம் 1977இல் வந்தது, தொலைக்காட்சி வந்தது, தனியார் கல்வி வகுப்புகள் பெருகின. அக்குடும்பத்தின் செலவுப்பட்டியல் மட்டும் மாறவில்லை. வாடகை பற்றிய நிலை இன்னும் வேடிக்கையானது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் அதற்குரிய துணைச்சுட்டெண் பல தசாப்தங்களாக ஏறத்தாழ அசையாது நின்றது. வடக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஓர் அறைக்கு முற்பணமும், மாதந்தோறும் உயரும் வாடகையும் செலுத்திய குடும்பங்கள் அந்த அசையாத எண்ணைக் கண்டிருப்பின் நகைத்திருப்பர். சம்பளப் பேச்சுகளிலும் வாழ்க்கைச் செலவுப் படியிலும் இதே எண் ஆட்சி செலுத்தியது என்பதை மறத்தலாகாது.

(இடையைக் கொண்டு நீதி செய்ய முற்பட்ட மற்றொரு நிகழ்வு, பல்கலைக்கழக அனுமதியில் 1973இல் வந்த தரப்படுத்தல். வெவ்வேறு மொழிமூல மாணவரின் புள்ளிகளை ஒரே இடைக்கும் ஒரே நியம விலகலுக்கும் மாற்றுவதே அதன் செய்முறை. இரு கூட்டத்தாரின் ஆற்றலும் ஆயத்தமும் ஒன்றே, வேறுபாடு திருத்துநரிடமே உள்ளது என்னும் எடுகோள் அச்செய்முறைக்குள் மறைந்து கிடந்தது. அது தனிக்கட்டுரைக்குரியது, கணிதம் எடுகோளை மறைக்கும் திரையாகவும் அமையலாம் என்பதற்காகவே இங்குக் குறித்தோம்.)

குடும்ப வருமானத்தைப் பொறுத்தவரை நிலைமை தெளிவானது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டு அளவீட்டின்படி இலங்கையில் வீட்டலகொன்றின் மாத வருமானத்தின் இடை 62,237 ரூபா. இடையம் 43,511 ரூபா. 2019இல் இவை முறையே 76,414, 53,333 ரூபா. அதாவது அவ்வாண்டில் நாட்டின் பாதிக் குடும்பங்கள் 53,333 ரூபாவுக்கு உட்பட்டே வாழ்ந்தன. 'சராசரி'யோ அதனை ஏறக்குறைய 43 வீதத்தால் விஞ்சி நின்றது. இவ்விடைவெளி 2016இலும் ஏறத்தாழ அதே 43 வீதமாயிருந்தமை கவனிக்கத்தக்கது. இரு எண்களும் உயர்ந்தன. அவற்றிடையேயான விகிதம் உயரவுமில்லை, தாழவுமில்லை. 2019இல் செல்வம் மிக்க ஐந்திலொரு பங்குக் குடும்பங்கள் மொத்த வருமானத்தில் 51.3 வீதத்தைப் பெற்றன. வறிய ஐந்திலொரு பங்கினர் பெற்றது 4.6 வீதம். இடையையும் இடையத்தையும் பிரித்துவைப்பது இதுவே. நகர்ப்புற இடை 116,670 ரூபா என்பதைக் கண்டு கொழும்பார் அனைவரும் செழிப்புற்றனர் எனக் கொள்வோர், 2001இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பொன்று மாநகர எல்லைக்குள் 1,614 வசதிகுறைந்த குடியிருப்புகளில் 77,612 குடும்பங்களை எண்ணியதை நினைவிற் கொள்ளுதல் நன்று. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களை அறிந்தவர்க்கு இவ்வெண் வியப்பளிக்காது.

மீண்டும் சுட்டெண்ணுக்குத் திரும்புவோம். பழைய சுட்டெண் கைவிடப்பட்டு 2002, 2006/07, 2013, 2021 ஆகிய ஆண்டுகளை அடியாகக்கொண்ட புதியவை அடுத்தடுத்து வந்தன. தொழிலாளர் குடும்பம் என்ற வரையறை நீங்கி, கொழும்பின் நகர்ப்புறக் குடும்பங்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளப்பட்டன. உணவின் நிறை நூற்றுக்கு ஏறக்குறைய 47, 41, 28, 26 எனப் படிப்படியாகக் குறைந்தது. வருமானம் உயர உணவுக்குச் செல்லும் பங்கு குறையும் என 1857இல் ஜேர்மானியப் புள்ளியியலாளர் எர்னஸ்ட் எங்கெல் கண்டறிந்த விதி இதனை ஒரு பகுதி விளக்கும். மறுபகுதி கணக்கிடும் முறையில் உள்ளது. எல்லாக் குடும்பங்களின் செலவையும் ஒன்றாகக் கூட்டி நிறை காணும்போது குடும்பத்திற்கு ஒரு வாக்கு என்பதில்லை, ரூபாவுக்கு ஒரு வாக்கு. நாலு இலட்சம் செலவிடும் வீடு, நாற்பதாயிரம் செலவிடும் வீட்டைப்போற் பத்து மடங்கு நிறையிடுகின்றது. நமது ஒழுங்கை வியாபாரி இங்கும் வந்து அமர்ந்துவிடுகிறார்.

இதன் விளைவைப் பொருளாதார நெருக்கடியின் உச்சத்திற் காணலாம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஓராண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். உணவு மட்டும் 94.9 வீதமும் உணவல்லாதவை 57.6 வீதமும் உயர்ந்திருந்தன. 1949–50இன் தொழிலாளர் குடும்பம்போல வருமானத்தில் நூற்றுக்கு அறுபதை உணவுக்கே செலவிடும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், அவ்வீட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 80 வீதமாகின்றது. அறிவிக்கப்பட்ட எண்ணுக்கும் இதற்கும் இடையே பத்துப் புள்ளிகள். கூலி உயர்வு முன்னதைப் பின்பற்றி முழுமையாக வழங்கப்பட்டிருப்பினும், அவ்வீட்டார் நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருட்கள் 180 ரூபாவாக, அவர்கள் கையிலிருப்பது 169 ரூபா 80 சதமாக இருந்திருக்கும். எஞ்சிய பத்து ரூபாவை ஒரு நேர உணவைக் குறைத்தே ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.