வீட்டு நாய்ப் பயிற்சி

மனிதரோடு ஒரே வீட்டில் இடைஞ்சலின்றி வாழ்வதற்குரிய பழக்கங்களை நாய்க்குக் கற்பிப்பது வீட்டு நாய்ப் பயிற்சி. கூப்பிட்டால் வருதல், சொன்ன இடத்தில் உட்காருதல், கயிற்றை இழுக்காமல் உடன் நடத்தல், வந்தவர் மேல் தாவாதிருத்தல், மலசலம் கழிக்க வெளியே செல்லுதல் ஆகியவை இதன் அடிப்படைப் பாடங்கள். மோப்பம், காவல், மந்தை காத்தல் போன்ற தொழில்களுக்கான பயிற்சி இதனின்று வேறு. எனினும் வீட்டு நாய்க்கென்று தனித் தேர்வும் வகுப்பும் தோன்றி இன்னும் நூறு ஆண்டு நிறையவில்லை. அதற்கு முந்தைய செய்திகள் பெரும்பாலும் வேட்டை நாயையும் பட்டி நாயையும் பற்றியவையே.

பண்டைய குறிப்புகள்

நாய் வளர்ப்பை விரிவாக எழுதியவர்களில் முற்பட்டவர் கிரேக்கரான செனபோன் (கி.மு. 4ஆம் நூற்றாண்டு). வேட்டை பற்றிய அவருடைய நூல், பெண் குட்டிகளை எட்டாம் மாதத்திலும் ஆண் குட்டிகளைப் பத்தாம் மாதத்திலும் வேட்டைக்குக் கூட்டிச் செல்லச் சொல்கிறது. கூப்பிட எளிதாகும்படி பெயர் குறுகியதாக இருக்க வேண்டும் என்று கூறி 47 பெயர்களை அடுக்குகிறது. உரோமரான கொலுமெல்லா (கி.பி. 1ஆம் நூற்றாண்டு) இதை இன்னும் வரையறுத்தார்: பெயர் மிக நீளவும் கூடாது, இரண்டு உயிரொலிக்குக் குறையவும் கூடாது. நம் தெருக்களில் கேட்கும் மணி, டாமி, ஜிம்மி, ராஜா எல்லாம் இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. கொலுமெல்லாவைப் படித்து யாரும் வைத்த பெயர்கள் அல்ல அவை.

கொலுமெல்லாவுக்கு முன்பே, கி.மு. 37இல், உரோமரான வார்ரோ தம் வேளாண்மை நூலில் பட்டி நாய்க்கு ஒரு பகுதி ஒதுக்கினார். வேடரிடமும் கசாப்புக்காரரிடமும் நாய் வாங்காதே என்பது அவர் அறிவுரை. கசாப்புக் கடை நாய் மந்தையின் பின்னால் போகச் சோம்பும். வேட்டை நாயோ முயலைக் கண்டால் ஆட்டை விட்டுவிட்டு ஓடும். பழகிய பழக்கம் எளிதில் போகாது என்பதை அவர் அன்றே கண்டிருந்தார். நாய் தன் பின்னால் வர வேண்டுமானால் வேகவைத்த தவளையை அதற்குப் போட வேண்டும் என்ற பழைய குறிப்பும் அந்நூலில் உண்டு. தவளையை நீக்கிவிட்டுப் பார்த்தால் இன்று சொல்லப்படும் தீனி முறையும் அதுவே.

தமிழில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்னும் பெயர்கள் சங்க காலத்திலேயே வழங்கின; வேட்டுவரோடு செல்லும் நாய்கள் சங்கப் பாடல்களில் வருகின்றன. தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைக் குருளை என்கிறது. இவற்றினும் சிறப்பான சான்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த இக்கல், தொறுப்பூசலில் (ஆநிரைக்காக நடந்த சண்டையில்) பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது. வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, கள்ளரை மறித்துக் காவல் நின்ற நாயை நன்கு பழக்கப்பட்ட நாய் என்றே கொள்ள வேண்டும். உலகில் எத்தனை நாய்களுக்குத் தம் பெயரைக் கல்லில் காணும் பேறு கிடைத்திருக்கும்?

வற்புறுத்தலும் வெகுமதியும்

நவீனப் பயிற்சி காவல்துறையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சார்புரூக்கன் நகரில் 1906 முதல் காவல் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட நூல் இத்துறையின் முதல் முறையான கையேடுகளுள் ஒன்று. நாயை மனிதனின் விருப்பத்துக்குப் பணியவைப்பதே அதன் அச்சாணி. ஆயினும் செயலுக்கும் பலனுக்கும் இடையில் நேரம் கடந்தால் நாய்க்கு ஒன்றும் விளங்காது என்பதை மோஸ்ட் ஆய்வுக்கூட உளவியலாளருக்குச் சளைக்காமல் அறிந்திருந்தார்.

வீட்டு நாயை அரங்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர். அவர் வளர்த்த பூடில் நாய்களை வெறும் அலங்கார நாய்கள் என்று பிறர் ஏளனம் செய்ய, 1933இல் நியூயார்க் மாநிலம் மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்திக் காட்டினார். கலந்துகொண்டவை எட்டு நாய்கள். 1936இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு விதிகள் வகுத்தது. அதே அமைப்பு 1989இல் தொடங்கிய நற்குடி நாய்த் தேர்வில் பத்துச் சோதனைகள் உண்டு. அந்நியர் தொட்டால் அமைதியாக இருத்தல், கூட்டத்தினூடே நடத்தல், வளர்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று நிமிடம் பொறுத்திருத்தல் ஆகியவை அவற்றுள் சில.

சுருக்குச் சங்கிலியால் சுண்டியிழுக்கும் முறை, வில்லியம் கோலரின் 1962ஆம் ஆண்டு நூலாலும், 1980இல் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றிய பார்பரா உட்ஹவுசாலும் வீடுகளுக்குள் பரவியது. 'வீட்டில் நீயே தலைவன் என்று நாய்க்குக் காட்டு' என்ற கொள்கை இதற்குத் துணை நின்றது. ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட, அடைத்து வைத்த ஓநாய்களைப் பற்றிய ஆய்விலிருந்து கிளம்பிய கொள்கை அது. அதைத் தம் 1970ஆம் ஆண்டு நூலால் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று 1999இல் தாமே திருத்தினார். அத்தோடு அக்கொள்கையின் அடிப்படை தகர்ந்தது. குட்டியை மல்லாக்கத் தள்ளி அமுக்குவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு செய்தி.

நாய் என்றதும் ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் நினைவுக்கு வருவார். ஆனால் பயிற்சிக்கு அவருடைய நாய்களைவிட எட்வர்ட் தார்ன்டைக்கின் பூனைகளே அதிகம் உதவின. நல்ல பலன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்று அவர் 1898இல் கூண்டுப் பெட்டிகளைக் கொண்டு காட்டினார். பி.எஃப். ஸ்கின்னர் 1951இல் எழுதிய கட்டுரையில், அழுத்தினால் 'டக்' என்று ஒலிக்கும் பொம்மையைக் கொண்டு நாய்க்குச் சரியான நொடியை உணர்த்தலாம் என்றார். இன்றைய கிளிக்கர் என்னும் பயிற்சிக் கருவி அதன் வழிவந்தது. ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய காரன் பிரையர் தம் 1984ஆம் ஆண்டு நூலால் இதைப் பரவலாக்கினார்.

முறைகள்

ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி கண்டதும் கேட்டதும் பிற்காலத்தில் அதற்கு அச்சம் தருவதில்லை. தடுப்பூசி முழுதும் முடியும்வரை குட்டியை வெளியே விடக்கூடாது என்னும் பழைய கட்டுப்பாடு இக்காலத்தை வீணாக்குகிறது. முதல் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குப் பின் வகுப்பில் சேர்க்கலாம் என்று அமெரிக்க விலங்குநடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் அறிவித்தது. தெருநாய் நடமாட்டமுள்ள இடங்களில் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டே பஸ், ஆட்டோ, குக்கர் விசில், சீருடைக்காரர் எல்லாவற்றையும் காட்டலாம்.

எந்தப் பாடமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டலாகாது. உட்கார வைக்க, தீனியை மூக்கருகே பிடித்துத் தலைக்கு மேலாகப் பின்னே நகர்த்தினால் பின்புறம் தானாகத் தரையில் படியும். அந்தக் கணத்தில் தீனி தர வேண்டும். கோழி ஈரலோ அவித்த முட்டையோ சுண்டைக்காய் அளவு போதும். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகாது. கட்டளை தமிழிலா ஆங்கிலத்திலா என்பது நாய்க்குப் பொருட்டல்ல. ஆனால் அப்பா 'உட்கார்' என்றும் மகள் 'சிட்' என்றும் பாட்டி 'குந்துடா' என்றும் சொன்னால் மூன்றும் வெவ்வேறு பாடமாகிவிடும்.

தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே கொண்டு போய், அங்கே மலசலம் கழித்தவுடன் பாராட்ட வேண்டும். வீட்டுக்குள் கழித்துவிட்ட பின் மூக்கை அதில் தேய்ப்பது, ஆள் இல்லாத இடத்தில் ஒளிந்து கழிக்கவே கற்றுக்கொடுக்கும். நடக்கையில் இழுத்தால் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்கலாம். மேலே தாவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான்கு காலும் தரையில் நின்ற பிறகே கொஞ்ச வேண்டும். 'வா' என்று கூப்பிட்டு, வந்த நாயை அடிக்கவோ குளிப்பாட்டவோ கூடாது. அடுத்த முறை அது வராது.

இன்றைய நிலை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களைப் பதிவு செய்கிறது. நகரங்களில் வீட்டுக்கே வந்து பழக்கும் பயிற்சியாளர்கள் உள்ளனர். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010இல் தடை செய்தது. மோஸ்ட் பிறந்த ஜெர்மனியில் முள் பட்டையைப் பயிற்சியில் பயன்படுத்துவது 2022 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.