ஓப்பல் கார்: ரூசெல்ஸ்ஹைம் முதல் ஹாலோல் வரை – ஒரு வரலாறும் உரிமையாளர்களின் அனுபவமும்

வட்டத்தின் நடுவே குறுக்காகப் பாயும் மின்னல் கீற்று. ஜெர்மனியின் ஓப்பல் நிறுவனத்தின் இந்தச் சின்னத்தைத் தாங்கிய கார்கள் இந்தியாவில் 1996 முதல் 2006 வரை சுமார் பத்தாண்டுகள் மட்டுமே விற்பனையாயின. அஸ்ட்ரா, கோர்ஸா ஆகிய பெயர்களை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர்; சிலர் அவற்றை இன்றும் ஓட்டி வருகின்றனர். இந்தியாவில் விற்கப்பட்ட ஒவ்வொரு ஓப்பல் காரும் தற்போது 15 ஆண்டு வயதைக் கடந்துவிட்ட நிலையில், விற்றவர் வெளியேறிய பின் வாங்கியவர் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு இந்தக் காரின் வரலாறு விடை தருகிறது.

தையல் இயந்திரத்தில் தொடக்கம்

ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகில் மைன் நதிக்கரையில் உள்ள ரூசெல்ஸ்ஹைம் என்ற ஊரில், 1862-ஆம் ஆண்டு ஆடம் ஓப்பல் என்பவர் தமது மாமாவின் மாட்டுத் தொழுவத்தில் தையல் இயந்திரம் செய்யத் தொடங்கினார். 1886-இல் மிதிவண்டித் தயாரிப்பு தொடங்கியது. 1895-இல் காலமான அவர், தமது பெயர் தாங்கிய காரைக் கண்டதே இல்லை. அவருடைய மனைவி சோஃபியும் ஐந்து மகன்களும் 1899-இல் டெஸ்ஸாவ் நகரைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் லுட்ஸ்மன்னின் மோட்டார் வாகனத் தொழிற்கூடத்தை விலைக்கு வாங்கி, கார் தயாரிப்பில் இறங்கினர். 1911-இல் நேரிட்ட தீ விபத்துக்குப் பின் தையல் இயந்திரத் தயாரிப்பு கைவிடப்பட்டது.

நிறுவனத்தின் முதல் பெரும் வெற்றி 1924-இல் வந்தது. நகரும் இணைப்புத் தடத்தில் கார் தயாரிக்கும் அமெரிக்க முறையை ஜெர்மனியில் முதலில் கையாண்ட ஓப்பல், பச்சை வண்ணம் பூசிய சிறிய கார் ஒன்றை வெளியிட்டது. மக்கள் அதற்கு 'மரத்தவளை' என்று பட்டப்பெயர் வைத்தனர். மஞ்சள் நிறத்தில் வந்த பிரான்ஸின் சித்ரோயன் காரை அது அப்படியே ஒத்திருந்தது எனப் புகார் எழுந்தது. 'அதுவேதான், பச்சையில்' என்று பொருள்படும் வழக்கு ஒன்று ஜெர்மன் மொழியில் உண்டு. அது இந்தக் காரால் பிறந்தது என்பார் உண்டு. அதற்கு முன்பே வழக்கில் இருந்தது என்பாரும் உண்டு. எப்படியாயினும், 1928-இல் ஓப்பல் ஜெர்மனியின் மிகப் பெரிய கார் தயாரிப்பு நிறுவனமாக உயர்ந்திருந்தது. அதே ஆண்டு மே மாதம், ஆடம் ஓப்பலின் பேரன் ஃபிரிட்ஸ், ராக்கெட் பொருத்திய காரில் பெர்லினின் ஆவுஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 238 கிலோ மீட்டர் வேகத்தை எட்டினார்.

முடிவெடுக்கும் இடம் மாறியது

ஓப்பலின் கதையில் எல்லாவற்றையும் விட முக்கியமான திருப்பம் அடுத்த ஆண்டே நிகழ்ந்தது. 1929 மார்ச்சில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 2.6 கோடி டாலர் கொடுத்து ஓப்பலின் 80 சதவீதப் பங்குகளை வாங்கியது. எஞ்சிய பங்குகளும் 1931-இல் அதன் வசமாயின. அன்று முதல் 2017 வரை ஓப்பல் பொறியியலால் ஜெர்மானிய நிறுவனம். உரிமையால் அமெரிக்க நிறுவனம். இந்திய வாடிக்கையாளர்கள் பின்னாளில் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரட்டை நிலையே வேர் என்று கூறலாம்.

1935-இல் வெளியான ஒலிம்பியா, அடிச்சட்டம் தனியாக இல்லாமல் உடற்கூடே சுமை தாங்கும் வகையில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஜெர்மானியக் கார் ஆகும். அடுத்த ஆண்டு கடெட் வந்தது. 'மின்னல்' என்று பொருள்படும் பிளிட்ஸ் லாரி இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தின் முக்கியச் சுமை வாகனமாக இருந்தது. அப்போரின்போது ஓப்பல் ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர்கள் பயன்படுத்தப்பட்டனர் என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. போருக்குப் பின் கடெட் காரின் வடிவமைப்பையும் தயாரிப்புச் சாதனங்களையும் சோவியத் ஒன்றியம் இழப்பீடாகப் பெற்றது. மாஸ்கோவில் அதே கார் மாஸ்க்விச் 400 என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. லாரியின் பெயரில் இருந்த மின்னலே 1960-களில் கார்களின் சின்னமாகவும் நிலைபெற்றது.

1962-இல் போகம் நகரில், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் புதிய ஆலை திறக்கப்பட்டது. அங்கு தயாரான கடெட், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு நேரடிப் போட்டியாக அமைந்தது. 1991-இல் கடெட்டின் இடத்தை அஸ்ட்ரா பிடித்தது. ஆனால் 1990-களில் ஓப்பலின் தரம் குறித்த நற்பெயர் சரிந்தது. உதிரிபாகக் கொள்முதலில் கடுமையான செலவுக் குறைப்பைப் புகுத்திய அதிகாரி ஹோசே இக்னாசியோ லோபஸின் பெயரை இணைத்து, 'லோபஸ் விளைவு' என்றே ஜெர்மனியில் இச்சரிவைக் குறிப்பிட்டனர். அக்கால அஸ்ட்ரா கார்களில் துருப்பிடித்தல் பரவலான புகாராக இருந்தது.

ஹாலோலில் பத்தாண்டு

இந்தியாவுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் புதியதல்ல. 1928-லேயே மும்பையில் கார்களை ஒருங்கிணைக்கத் தொடங்கிய அந்நிறுவனம், 1950-களில் அந்த ஆலையை மூடிச் சென்றது. பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின், 1994-இல் சி.கே. பிர்லா குழுமத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸுடன் சரிபாதிக் கூட்டு நிறுவனம் அமைத்துத் திரும்பியது. குஜராத் மாநிலம் ஹாலோலில் உள்ள ஆலையிலிருந்து 1996-இல் ஓப்பல் அஸ்ட்ரா வெளிவந்தது. 1999-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் பங்கையும் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது.

மாருதி எஸ்டீம், ஃபோர்டு எஸ்கார்ட், டேவூ சியலோ ஆகியவை அன்றைய போட்டியாளர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொரியாவின் டேவூ நிறுவனம் விற்ற சியலோ, ஓப்பல் கடெட்டின் கடைசித் தலைமுறையிலிருந்து உருவானது. ஆக, அஸ்ட்ராவும் அதன் முன்னோரும் ஒரே நேரத்தில், வெவ்வேறு நாட்டுக் கார்களாக இந்தியக் காட்சியகங்களில் நின்றன.

2000-ஆம் ஆண்டில் கோர்ஸா அறிமுகமானது. அதன் பின்பக்கம் நீண்ட ஸ்விங் வகையும், ஹாட்ச்பேக் வடிவிலான கோர்ஸா செயிலும், உயர்ரக வெக்ட்ராவும் தொடர்ந்தன. கனத்த கதவுகள், நெடுஞ்சாலையில் அசையாத ஓட்டம் ஆகியவற்றுக்காக இக்கார்கள் பாராட்டப்பட்டன. பெட்ரோல் செலவும் உதிரிபாக விலையும் அதிகம் என்பதே வழக்கமான குறை.

பலரும் கவனிக்காத ஒன்று, கால வேறுபாடு. அஸ்ட்ராவின் அடுத்த தலைமுறை 1998-இல் ஐரோப்பாவில் வெளியானபோதும் இந்தியாவில் பழைய தலைமுறையே விற்கப்பட்டது. கோர்ஸாவின் நிலையும் அதுவே. 1993-இல் ஐரோப்பாவில் வெளியான அந்தத் தலைமுறைக்கு அங்கு மாற்று வந்த அதே 2000-ஆம் ஆண்டில்தான் இந்திய வாடிக்கையாளர் அதைப் 'புதிய கார்' என்று வாங்கினார். தாய்நாட்டில் ஓய்வு பெற்ற ஒரு காருக்கு உதிரிபாகங்கள் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை வாங்கும் நாளில் எண்ணிப் பார்த்தவர் அரிது.

இதற்கிடையே, நொடித்துப்போன டேவூவின் கார் பிரிவை 2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கையகப்படுத்தியது. குறைந்த செலவில் தயாராகும் கொரிய வடிவமைப்புகள் அதன் கைக்கு வந்தன. 2003-இல் ஷெவர்லே என்ற அமெரிக்கப் பெயர் இந்தியாவில் அறிமுகமானது. அப்பெயரில் வந்த ஆப்ட்ரா உண்மையில் டேவூ வடிவமைத்த கார். 2006-இல் ஓப்பல் பெயர் இந்தியச் சந்தையிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டது. கோர்ஸாவின் இடத்துக்கு ஷெவர்லே அவியோ வந்தது. ரூசெல்ஸ்ஹைமில் இருந்த பொறியாளர்களோ, ஹாலோல் தொழிலாளர்களோ இதைத் தீர்மானிக்கவில்லை. டெட்ராய்ட் கணக்கின்படி, இந்தியாவில் இரண்டு பெயர்களை வளர்ப்பது வீண் செலவு.

இருமுறை கைவிடப்பட்டவர்கள்

பெயர் மறைந்தாலும் நிறுவனம் இருந்ததால், ஓப்பல் உரிமையாளர்கள் ஷெவர்லே சேவை மையங்களை நாட முடிந்தது. அந்த வழியும் நீடிக்கவில்லை. 2017 ஏப்ரலில் ஹாலோல் ஆலை மூடப்பட்டது. பின்னர் சீனாவின் எஸ்ஏஐசி நிறுவனம் அதை வாங்கி எம்ஜி கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 2017 மே மாதம், அந்த ஆண்டு இறுதியுடன் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்துவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. உத்தரவாதங்களும் சேவையும் தொடரும் என்று அது உறுதியளித்தது. அப்போது சாலையில் இருந்த ஷெவர்லே கார்களுக்கு அந்த உறுதிமொழி ஆறுதலாக இருந்திருக்கலாம். உத்தரவாதக் காலம் என்றோ முடிந்துபோன ஓப்பல் காருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

விற்பனை முகவர்களும் இதில் பாதிக்கப்பட்டனர். ஜெனரல் மோட்டார்ஸும், பின்னர் 2021-இல் ஃபோர்டும் உள்நாட்டுத் தயாரிப்பைக் கைவிட்டதைச் சுட்டிக்காட்டி, முகவர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என வாகன விற்பனையாளர் கூட்டமைப்பு வலியுறுத்தி வருவது குறிப்பிடத்தக்கது. முகவருக்குச் சட்டம் கேட்க ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. பழைய காரின் உரிமையாளருக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை.

அவருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் ஓர் அனுபவமிக்க மெக்கானிக்கும், பழைய இரும்புக் கடைகளும், வெளிநாட்டு இணைய விற்பனைத் தளங்களுமே. இங்கு பெயர்களைப் பற்றிய அறிவு பணத்தை மிச்சப்படுத்தும். கோர்ஸாவின் அதே தலைமுறை பிரிட்டனில் வாக்ஸ்ஹால் கோர்ஸா என்றும், ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் பரீனா என்றும், பிரேசிலில் ஷெவர்லே கோர்ஸா என்றும் விற்கப்பட்டது. பிரேசிலில் அதன் ஒரு வகை நீண்ட காலம் தயாரிக்கப்பட்டதால், எஞ்சின், சஸ்பென்ஷன் சார்ந்த சில பாகங்களை அப்பெயரில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஸ்டீயரிங் அமைப்பு, டாஷ்போர்டு, வைப்பர் இணைப்பு போன்றவற்றை ஜெர்மனியிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ வாங்கிப் பயனில்லை. அவை இடப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்கு உரியவை. இவற்றுக்குப் பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகளையே நாட வேண்டும். வாங்கும் முன் பாகத்தின் மீது பொறிக்கப்பட்டுள்ள எண்ணை ஒப்பிடுவது கட்டாயம். சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்தால், பாகத்தின் விலையை விட அவை அதிகமாவதும் உண்டு.

எஞ்சினின் டைமிங் பெல்ட் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். ரப்பரால் ஆன இந்தப் பட்டை, ஓடிய தூரத்தை மட்டுமன்றி வயதையும் பொறுத்து நலிவடையும். ஆண்டுக்குச் சில நூறு கிலோ மீட்டரே ஓடும் கார் என்பதால் பட்டை நன்றாக இருக்கும் என்று கருதுவது தவறு. அது அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும். எரிபொருள் குழாய்களும் அவ்வாறே. நாடெங்கும் தற்போது விற்கப்படும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை அல்ல இந்தக் கார்கள். பழைய ரப்பர் குழாய்களையும் அடைப்பான்களையும் அவ்வப்போது சோதித்து மாற்றுவது தீ விபத்தைத் தவிர்க்க உதவும்.

காப்பீடு, பதிவுப் புதுப்பிப்பு

தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும் 5 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கும் காப்பீட்டு மதிப்பு நிலையான தேய்மான அட்டவணைப்படி கணக்கிடப்படுவதில்லை. காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. ஓப்பல் போன்ற காருக்குக் கேட்காமலே மிகக் குறைந்த தொகை எழுதப்படலாம். பராமரிப்பு ரசீதுகளைக் காட்டி உயர்த்திக் கேட்க உரிமையாளருக்கு இடம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கான இழப்பீட்டில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும். பம்பர் ஒன்றைக் கடல் கடந்து வரவழைத்தவருக்கு அந்தப் பாதி பெரிய தொகை.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும். அதன் பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது; 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. தில்லி தேசியத் தலைநகர் வட்டாரத்திலோ, 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் கார்களும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களும் ஓடத் தடை விதிக்கும் உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கிருந்து பழைய ஓப்பலை வாங்குவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்றைய ஓப்பல்

இந்தியாவில் மறைந்தாலும் ஐரோப்பாவில் ஓப்பல் தொடர்கிறது. 2009-இல் அதை விற்க முடிவு செய்த ஜெனரல் மோட்டார்ஸ், கடைசி நேரத்தில் மனம் மாறியது. 2014 டிசம்பரில் போகம் ஆலை மூடப்பட்டது. 2017-இல் பிரான்ஸின் பிஎஸ்ஏ குழுமம், நிதிப் பிரிவையும் சேர்த்து சுமார் 220 கோடி யூரோவுக்கு ஓப்பலையும் வாக்ஸ்ஹாலையும் வாங்கியது. பல ஆண்டுகளாக நஷ்டத்தில் இருந்த ஓப்பல் 2018-லேயே லாபம் கண்டது. 2021-இல் பிஎஸ்ஏவும் ஃபியட் கிரைஸ்லரும் இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் உருவானபோது ஓப்பலும் அதன் அங்கமானது.

ஒரு காலத்தில் ஓப்பலைத் தன் காரை நகலெடுத்ததாகக் குறை கூறிய சித்ரோயனும் இன்று அதே குழுமத்தில் உள்ளது. அக்குழுமம் இந்தியாவில் ஜீப், சித்ரோயன் ஆகிய பெயர்களில் கார்களை விற்று வருகிறது. அவற்றின் இந்தியச் சேவை மையங்களில் ஹாலோலில் தயாரான அஸ்ட்ராவுக்கோ கோர்ஸாவுக்கோ பாகம் கேட்டுச் செல்வதில் பயன் இல்லை. இந்திய ஓப்பலை விற்றது ஜெனரல் மோட்டார்ஸ். ஓப்பல் பெயரை இப்போது வைத்திருப்பது வேறொரு நிறுவனம்.