வரி எண் ஓரம்

வரி எண் ஓரம் என்பது கணினியில் நிரல் எழுதும் பெட்டியின் இடப்பக்கத்தில், ஒவ்வொரு வரிக்கும் நேராக அதன் எண்ணைக் காட்டும் ஒடுங்கிய பட்டை. 212ஆம் வரியில் பிழை என்று கம்பைலர் சொன்னால் கண் நேரே அங்கே போய் நிற்பதற்கு இதுவே துணை. இந்த எண்கள் திரைக்கு மட்டும் உரியவை, கோப்பில் சேர்வதில்லை.

முற்காலத்தில் எண் நிரலோடு ஒட்டியே இருந்தது. ஃபோர்ட்ரான் துளை அட்டையின் 80 பத்திகளில் 73 முதல் 80 வரை உள்ளவற்றைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. வரிசை எண்ணை அங்கே துளைத்து வைத்தால், அட்டைக்கட்டு கைதவறிக் கொட்டினாலும் மீண்டும் அடுக்கிவிடலாம். 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் குர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியில் எண் நிரலின் உறுப்பாகவே ஆனது. பிறகு இடைச்செருக இடம் வேண்டும் என்று 10, 20, 30 என விட்டு விட்டு எழுதுவது வழக்கமாக இருந்தது.

எண்ணைக் கோப்பிலிருந்து பிரித்த பெருமையைக் கென் தாம்ப்சன் 1969இல் எழுதிய 'எட்' எடிட்டருக்குத் தருவது உண்டு. அதற்கு முந்திய 'க்யூ.இ.டி.'யிலும் வரியை எண்ணால் சுட்டலாம் என்பதால் இதை அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. பில் ஜாயின் 'வி.ஐ.' எடிட்டர் திரையிலேயே எண்களைக் காட்டியது.

சாளரங்கள் வந்தபின் சிக்கல் வேறானது. விண்டோஸின் உரைப்பெட்டியைக் கேட்டால் கர்சர் எந்த வரியில் உள்ளது என்று சொல்லும். ஓரத்தில் எண் போடத் தெரியாது. ஜாவா ஸ்விங்கின் உரைப்பெட்டியும் அப்படியே. உருட்டுப் பலகத்தின் இடப்புறத் தலைப்பில் தனிப் பட்டை ஒன்றை நிரலரே வரைந்து பொருத்த வேண்டும். 1999இல் நீல் ஹாட்ஜ்சன் வெளியிட்ட சின்டில்லா என்னும் எடிட்டர் கூறு, ஓரத்தைப் பெட்டியின் பகுதியாகவே தந்தது. நோட்பேட்++ எடிட்டர் அதன்மேல் எழுந்ததுதான். க்யூட்டி நூலகத்தின் மாதிரி நிரல் பார்க்க வேண்டிய ஒன்று. மொத்த வரிகளின் எண்ணிக்கையில் எத்தனை இலக்கம் என்று எண்ணி, அதை '9' என்ற எழுத்தின் அகலத்தால் பெருக்கி, கொஞ்சம் இடம் கூட்டி, பட்டையின் அகலத்தை முடிவு செய்கிறது. 99ஆம் வரியின் முடிவில் என்டர் தட்டியதும் உரை முழுவதும் ஓரிலக்க அகலம் வலப்புறம் நகர்வதை அங்கே காணலாம். கோப்பு எவ்வளவு நீளமானாலும் கண்ணுக்குத் தெரியும் வரிகளுக்கு மட்டுமே எண் வரையப்படுகிறது. ஒரு வரி மடிந்து மூன்றாகத் தெரிந்தாலும் எண் முதல் மடிப்புக்குத்தான். மற்ற இரண்டின் ஓரம் வெறுமையாக இருக்கும்.

வரி என்பது எது என்பதிலேயே ஒருமை இல்லை. கடைசி எழுத்துக்குப் பின் வரிமுறிவு இருந்தால், அடுத்து வரும் வெற்றிடத்தைச் சில எடிட்டர்கள் புது வரியாக எண்ணும். யூனிக்ஸ் வழி வந்தவை எண்ணுவதில்லை. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

2010இல் வந்த விம் எடிட்டரின் 7.3 பதிப்பு, கர்சரிலிருந்து எத்தனை வரி தள்ளி என்று காட்டும் சார்பு எண்ணைச் சேர்த்தது. ஈமேக்ஸ் எடிட்டரில் 2009 முதல் இருந்த, வரி எண் காட்டும் 'லைனம்' பெரிய கோப்புகளில் தடுமாறியது. 2018இல் வந்த 26.1 பதிப்பில்தான் திரையை வரையும் மையப்பகுதியே அந்த வேலையை ஏற்றது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஓரம் தொடக்கத்திலேயே காட்டப்படுகிறது; வேண்டுமானால் பத்து வரிக்கு ஓர் எண் மட்டும் தெரியும்படி மாற்றிக்கொள்ளலாம்.