படத்தின் மறுபக்கம்

நமது துறையின் புகைப்பட வகுப்பைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். வகுப்பைப் பற்றி எழுதுவதைவிட, அங்கே நாங்கள் கற்ற ஒரு வரலாற்றை எழுதினால் இன்றைய மாணவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

1990-களின் தொடக்கத்தில் எங்களுக்கு மூன்று பேருக்கு ஒரு கேமரா. ஊட்டியில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிமில் ரோலுக்கு 36 படம். எண்ணி எண்ணித்தான் எடுக்க வேண்டும். முதல் ஆண்டு முழுக்க அபர்ச்சர், ஷட்டர், டார்க் ரூம், ஹைப்போ வாடை என்றே கழிந்தது. இரண்டாம் ஆண்டில் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார். “உன் கதையைப் பத்துப் படத்துல சொல்லு. ஒண்ணுலகூட உன் முகம் வரக்கூடாது.” “முகமே இல்லாம எப்படி சார்?” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் இரண்டு பேரின் படங்களைக் காட்டினார்.

முதலாமவர் பிரான்சு நாட்டின் இப்போலித் பயார். புகைப்படம் பிறந்த அதே 1839-இல், காகிதத்தில் நேரடியாகப் படம் பதிக்கும் ஒரு முறையை அவரும் கண்டுபிடித்திருந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதமே பாரிஸில் தம் படங்களைக் காட்சிக்கும் வைத்தார். ஆனால் அரசு டாகரின் முறையை ஏற்று, அவருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் ஓய்வூதியமும் கொடுத்தது. பயாருக்குப் புகழும் இல்லை, பணமும் பெரிதாக இல்லை. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? 1840 அக்டோபரில், மேல்சட்டை இல்லாமல், கண்ணை மூடிச் சாய்ந்து, நீரில் மூழ்கி இறந்த பிணம் போலத் தம்மையே படம் எடுத்துக்கொண்டார். அதன் மறுபக்கத்தில், டாகருக்கு அள்ளிக் கொடுத்த அரசு தமக்கு ஒன்றும் செய்யாததால் இந்த அப்பாவி நீரில் விழுந்துவிட்டான் என்று எழுதிவைத்தார். உண்மையில் அவர் 1887 வரை உயிரோடு இருந்தார். புகைப்படத்தில் ஆள் நடித்துக் கதை சொன்ன முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. முன்பக்கம் மட்டும் பார்த்தால் யாரோ ஒருவர் தூங்குகிறார். மறுபக்கத்தைப் படித்தால்தான் அது ஒரு மனுவாகிறது.

இரண்டாமவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48-ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கேமராவைக் கொண்டு புகைப்படக் கலையையே மாற்றியவர். இங்கிலாந்தில் வைட் தீவில் வாழ்ந்தபோது, வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக நிறுத்திப் பல படங்கள் எடுத்தார். கவிஞர் டென்னிசனின் ஆர்தர் மன்னர் கதைகளுக்கும் நண்பர்களையும் உறவினர்களையும் வேடமிட்டு நிற்கவைத்துப் படம் எடுத்தார். 1875-இல் குடும்பத்தின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே காலமானார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிகச் சில படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் நிற்பவர்களில் தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அழகான படங்கள், முகங்களில் கம்பீரம் இருக்கிறது. ஆனால் பெயர்? களுத்துறைக் குடியானவர்கள் என்பது போன்ற பொதுத் தலைப்புகள்தான். வைட் தீவின் பணிப்பெண்ணை உலகம் பெயரோடு அறியும். தோட்டத்தில் நின்ற நம் பாட்டன் பாட்டிகளின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆசிரியர் அந்தப் படத்தைக் காட்டி, “இது யாரோட கதை? எடுத்தவங்க கதையா, நின்னவங்க கதையா?” என்று கேட்டார். வகுப்பில் சத்தமே இல்லை.

மூன்றாவது பாடம் பின்னாளில் நானாகப் படித்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா, பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர். 1930-களில் அவர் எடுத்த படங்களில் உடன் படித்த பெண்கள், குறிப்பாகத் தோழி ரெஹானா மொகல், கூச்சமின்றி, தங்கள் இஷ்டப்படி இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது. ஆனால் ஆரம்பத்தில் ஹோமாயின் படங்கள் பத்திரிகையில் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் வந்தன! பிறகு ‘டால்டா 13’ என்ற புனைபெயரும் வைத்துக்கொண்டார். 2011-இல் பத்ம விபூஷண் அவருடைய சொந்தப் பெயருக்கே வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு காலமானார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். படம் தானாகக் கதை சொல்லிவிடாது. யார் எடுத்தது, யார் நிற்பது, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதும் கதையில் பாதி. எங்கள் வகுப்பில் அந்தப் பத்துப் படங்களை நன்றாக முடித்தவன் ஒரு தையல்காரர் மகன். அப்பாவின் கத்தரிக்கோல், நூல்கண்டு, மிதித்து மிதித்துத் தேய்ந்த மிஷின் பெடல் என்று எடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் யாருடைய பொருள், எத்தனை வருஷமாக இருக்கிறது என்று பென்சிலால் எழுதியிருந்தான். அவன் முகம் எதிலும் இல்லை. அவன் முழுசாக அதில் இருந்தான்.

நம் கல்லூரி வராண்டாவில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோக்களை ஒருமுறை நின்று பாருங்கள். முதல்வர் பெயர் உண்டு, பேராசிரியர்கள் பெயர் உண்டு, நின்ற வரிசை, அமர்ந்த வரிசை என்று எங்கள் பெயர்களும் இனிஷியலோடு உண்டு. ஓரத்தில் நிற்கும் அட்டெண்டருக்கும் தோட்டக்காரருக்கும் மட்டும் பெயர் இல்லை.

பழைய மாணவர்களே, அவர்களை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஞாபகத்தில் உள்ள பெயர்களை இந்தச் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள். இன்றைய மாணவர்களே, நீங்கள் போனில் ஒரே நாளில் எடுப்பது நாங்கள் மூன்று வருஷத்தில் எடுத்ததைவிட அதிகம். எடுங்கள், சந்தோஷம். கூடவே நிற்பவர் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். முடிந்தால் கேமராவை அவர் கையிலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.