தேரடியே காடு

துறவு என்றதும் நம் மனம் காட்டைத்தான் நினைக்கிறது. யாழ்ப்பாணத்தின் அனுபவம் வேறு. கொழும்புத்துறை யோகர் சுவாமி காட்டிலிருந்து ஊருக்கு வந்து துறவியானவர். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து, சம்பத்திரிசியார் கல்லூரியில் படித்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். அன்றைய கிளிநொச்சி வன்னிக் காடு. தனிமைதான் தேவை என்றால் அது அவருடைய வாசலிலேயே கிடந்தது. ஆனால் 1905 அளவில் நல்லூர்த் தேரடியில் தம் குருவான செல்லப்பரைக் கண்டவர், உத்தியோகத்தை உதறிவிட்டுச் சனம் புழங்கும் அந்த வீதிக்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

இதற்கு நிலமும் ஒரு காரணம். குடாநாட்டில் மலை இல்லை; ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான். சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் நிற்கும் நீரைக் கிணறு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கிணறு என்றால் உரிமைக்காரர் உண்டு, பங்கு உண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையைப் புரட்டினால் காணி, சீதனம், முதுசம் என்று உடைமையைச் சுற்றியே ஒரு சமூகம் வாழ்ந்தது தெரியும். வேலி அடைத்த அந்த மண்ணில் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சியவை கோயில் வீதி, சந்தை, தெருவோர மரநிழல். செல்லப்பரின் குருவாகச் சொல்லப்படுபவருக்குக் கடையிற் சுவாமி என்று பெயர் வந்ததே அவர் பெரியகடையில் திரிந்ததால்தான்.

என் பார்வையில் நிலத்தைவிடப் பெரிய காரணம், அவர்கள் எதைத் துறந்தார்கள் என்பது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்ற ஊர் அது. ஆறுமுக நாவலர் காலத்துக்குப் பின் ஆசாரமும் ஆங்கிலப் படிப்பும் உத்தியோகமும் ஒரு மனிதரின் மதிப்பை அளந்தன. செல்லப்பரும் கச்சேரி வேலையை விட்டவர். ஊர் அவரை விசர்ச் செல்லப்பர் என்றது. காட்டுக்குப் போனவரை ஊர் நாலு நாளில் மறந்துவிடும். அழுக்கு வேட்டியோடு தேரடியில் இருந்து, போவோர் வருவோரை ஏசுகிறவரை மறக்க முடியாது. மதிப்பைத் துறக்க வேண்டுமானால், மதிப்பளிப்பவர்களின் கண்முன்னே இருந்துதான் துறக்க வேண்டும்.

1910இல் யோகர் கதிர்காமத்துக்குக் காடும் கரையுமாக நடந்தாரே என்று கேட்கலாம். நடந்தார், அது யாத்திரை, திரும்பியும் வந்தார். பிறகு அவர் இருந்தது கொழும்புத்துறைத் தெருவோரத்து இலுப்பை மரத்தடியில். ஊரார் சோற்றை உண்பது என்ன துறவு என்ற கேள்வி இதைவிடக் கனமானது. காட்டுக் கனியைப் பறிக்க யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஊரில் ஒவ்வொரு கவளத்தோடும் ஏளனத்தையும் சேர்த்தே விழுங்க வேண்டும். அதனால் அதுவே கடினமான வழி என்பேன். பிற்காலத்தில் அவருடைய கொட்டிலைத் தேடிப் பெரிய உத்தியோகத்தரும் வந்தார்கள் என்பது மெய். அது தனிமை ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குள்ளேயே துறந்த ஒருவரின் துறவு ஊருக்கே திரும்பி வருவது இயல்பு. 1935இல் ‘சிவதொண்டன்’ இதழ் தொடங்கியது. பின்னர் சிவதொண்டன் நிலையம் எழுந்தது. அது நின்றது காட்டில் அல்ல, வண்ணார்பண்ணையில், காங்கேசன்துறை வீதியில். 1964 மார்ச்சில் யோகர் மறைந்ததும் கொழும்புத்துறையில்தான்.