பருவம் அறிந்து பழக்குதல்: காஞ்சிபுரத் தறிவீடுகளை முன்னிட்டு ஒரு விசாரணை

குழந்தையின் குற்றம் என்று நாம் பெயரிட்டுத் தண்டிக்கும் செயல்களுள் பெரும்பாலானவை அதன் பிராயத்துக்கு இயல்பான செயல்களே என்பதும், அவற்றைத் திருத்த முற்படும் பெரியோர் முதலில் திருத்த வேண்டியவை தம்முடைய எதிர்பார்ப்பும் குழந்தை புழங்கும் இடமுமே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை ஆராயக் காஞ்சிபுரத்தை நிலைக்களனாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. கூடத்தில் குழித்தறி, அதற்கு எட்டிய தூரத்தில் உத்திரத்திலிருந்து தொங்கும் தூளி, முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ கணக்கெழுதி வாங்கிவந்த பட்டும் ஜரிகையும் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருக்கும். அங்கே அறுந்த இழை ஒவ்வொன்றும் காலத்தையும் கூலியையும் குறைப்பதாதலால், பெற்றோரின் கோபத்துக்கு வறுமையே பாதிக் காரணம் என்பதை நியாயமாக ஒப்புக்கொண்டுதான் இவ்விசாரணையைத் தொடங்க வேண்டும்.

அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்னும் பழமொழி நம்மவர் நாவில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஐந்து வயதுவரை சீராட்டுக, அடுத்த பத்து ஆண்டும் அடித்து வளர்க்க, பதினாறு ஆனபின் நண்பனாக நடத்துக என்பது சாணக்கியர் பெயரால் வழங்கும் நீதி. பிராயத்துக்குப் பிராயம் பெரியோர் நடைமுறை மாற வேண்டும் என்பதை உணர்ந்த அளவில் இந்நீதி பாராட்டத்தக்கதே. ஆயினும், முதல் ஐந்தாண்டில் பழக்குவதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு, பின் பத்தாண்டின் பொறுப்பு முழுவதையும் கோலிடம் ஒப்படைத்தது அதன் பெருங்குறை.

பிள்ளைத்தமிழ் காட்டும் நியதி

இக்குறை நீங்கிய பார்வை நம் இலக்கிய மரபிலேயே உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடியது முதலாகத் தனி நூல்களாகக் கிளைத்த பிள்ளைத்தமிழ், குழவிப் பிராயத்தைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக்கொள்கிறது. பாட்டியலார் கூறும் ஒரு வகைமுறையில், மூன்றாம் திங்களில் காப்பும், ஐந்தில் செங்கீரையும், ஏழில் தாலும், ஒன்பதில் சப்பாணியும், பதினொன்றில் முத்தமும், பதின்மூன்றில் வருகையும், பதினைந்தில் அம்புலியும் அமைந்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றோடு முற்றுப்பெறும். ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டிக் கையூன்றித் தலையசைக்கும் மாதத்தில் தலையசைக்கவே வேண்டுவரேயன்றி, நடந்து வா என்று எத்தாயும் எப்புலவரும் வேண்டுவதில்லை. உடல் எதற்கு ஆயத்தமாயிற்றோ அதனையே கேட்பது முதல் நியதி.

இரண்டாவது நியதி, கேட்கும் முறையைப் பற்றியது. ஆடுக, கொட்டுக, தருக, வருக என்று, செய்யத்தக்கதைச் சொல்லியே இப்பருவங்கள் குழந்தையை அழைக்கின்றன. விலக்கு மொழி தலைமையாக ஒலிப்பது சிற்றிற் பருவத்தில்தான். அங்கும் அதனை மொழிவோர் மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர். அவர் மொழியும் மன்றாட்டே. அம்புலிப் பருவத்தில் சாம, தான, பேத, தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் புலவர் கையாளுவர்; ஆனால் அவையாவும் வானத்து நிலவின்மேல் செலுத்தப்படுகின்றனவேயன்றி, அதனை வேண்டி நிற்கும் குழந்தையின்மேல் அல்ல. பிள்ளை கேட்பதற்காக உலகத்தை இணக்க முயலும் இவ்வன்பு அரசகுமாரருக்கும் தெய்வங்களுக்கும் மட்டும் உரியதென்று வைத்துக்கொள்ள நியாயம் இல்லை.

தூளி முதல் தறிக்குழி வரை

இவ்விரு நியதிகளையும் தறிவீட்டில் பொருத்திப் பார்ப்போம். முதலாண்டில் சிசுவுக்கு வேண்டுவது, அழுதால் ஆள் வரும் என்னும் நம்பிக்கை ஒன்றே. எடுத்துப் பழக்கினால் கெட்டுப்போகும் என்று அஞ்சி அழவிடுவதால் அதற்கு அடக்கம் வந்துவிடாது. இரண்டாம் ஆண்டின் அறிவோ கையால் வருவது. பளபளக்கும் ஜரிகைக் கண்டும், கூடையில் உருளும் தாரும், ஓடி மீளும் நாடாவும் அப்பிள்ளைக்கு ஓயாத அழைப்புகள். கண்டதைத் தொடாமல் நிற்கும் வலிமையோ அப்பருவத்தில் மிகச் சிறிது. தொடாதே என்று ஒருநாளில் பன்முறை சொல்லியும் தொடும் பிள்ளையை அடங்காப்பிள்ளை என்பது, நடை பழகும் குழந்தையை விழுந்ததற்காகக் கடிவதை ஒக்கும். நூற்கூடையை உயரத்தில் ஏற்றி, தறியின் பக்கத்தைப் பலகையால் மறித்து, வெற்றுத் தார்க்குச்சிகளையும் பருத்திக் கழிவுநூலையும் ஒரு கூடையிலிட்டு, இது உன்னுடையது, இதைச் சுற்று என்று கையிற் கொடுத்தால், விலக்க வேண்டிய அவசியமே பெரிதும் அற்றுப்போகும். விலக்கியே தீர வேண்டியவை கத்தரி, அடுப்பு, சாயத்தொட்டி போன்ற சிலவே. அவை சிலவாக இருந்தால்தான், நாளுக்கு நாள் மாறாமல் உறுதியுடன் காக்கவும் முடியும்.

இம்முடிவுக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் தொழிலாளர் பிள்ளைகளுக்காக முதற் பள்ளியைத் தொடங்கிய அவர், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போர் மூண்டமையால் 1946வரை இந்நாட்டிலேயே தங்கினார். குழந்தையை அறைக்கு ஏற்ப அடக்குவதை விடுத்து, அறையைக் குழந்தைக்கு ஏற்ப அமைப்பதே அவர் போதனையின் உயிர். மேலைநாட்டு இறக்குமதி என்று இதனைத் தள்ளுவோர் பிள்ளைத்தமிழை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.

மூன்றிலிருந்து ஐந்துவரை வினாவின் காலம். ஏன், எதற்கு என்று ஓயாது கேட்பதைத் துடுக்கென்று அடக்குவாருக்கு, ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையில் அமைந்து, கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய தலமென்று போற்றப்படும் குமரகோட்டமே விடையாகும். பிரணவத்தின் பொருளைப் பிரமனிடம் வினவி, விடை கூற மாட்டாத அவனைச் சிறையிட்டுச் சிருட்டித் தொழிலைத் தானே ஏற்ற பாலன், செபமாலையும் கமண்டலமும் ஏந்தி அங்கே எழுந்தருளியிருக்கிறான். அக்கதையில் தந்தை செய்தது இரண்டு: சிறையை விடுமாறு நேரில் வந்து சொன்னார், பின்னர், அப்பொருளை மகன் வாயிலாகவே கேட்டார். செயலுக்கு வரம்பு கட்டியபோதும் வினாவுக்கு மதிப்பளித்த அந்நடைமுறையினும் சிறந்த பாடம் இப்பருவத்துப் பெற்றோர்க்கு இல்லை.

கோர்வைக்கு அழைக்கும் கை

ஆறு, ஏழு பிராயத்தில் நிலைமை தலைகீழாகிறது. இப்போது பிள்ளை சொன்னதைக் கேட்கிறது. பெரியோர் செய்வதைத் தானும் செய்து பாராட்டுப் பெற ஆவலுறுகிறது. காஞ்சித் தறியில் ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். அவற்றை வீசிப் பின்னுவதற்கு நெசவாளருக்கு அருகில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் திருப்பித் தர வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவை சிறுவர் கைகள். முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பட்டுத்தறிகளில் கட்டுண்டிருந்த கொடுமையை, காஞ்சிபுரத்தையும் உட்படுத்தி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் அறிக்கையாக வெளியிட்டது. நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை என்னும் புகழ்மொழி அப்பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்கும். பணிவையே நல்லொழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்வதன் அபாயம் இதனால் விளங்கும்.

சட்டம் ஓரளவே துணைநிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவால், பள்ளிப் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடைசெய்தது; அத்தடை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 2016இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் புறம்பாகவும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று இடம் விட்டது. உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிக்கும் பொறுப்பு இதனால் பெற்றோர் மனச்சாட்சியின்மேல் விழுகிறது. அதற்கு ஓர் உரைகல் கூறலாம்: பிள்ளை எழுந்து விளையாடப் போனால் தறி நிற்குமாயின் அது உழைப்பு, நில்லாதாயின் அது உதவி. நிறப்பொருத்தம் பார்க்கவும், தார் ஒன்றைச் சுற்றிப் பழகவும், இழை எண்ணிக் கணக்குக் கற்கவும் தறியருகே வரும் பிள்ளை தொழிலின் பெருமையை உணரும். கரை நாடாவுக்குக் கட்டுப்பட்ட பிள்ளையோ அதனை வெறுக்கவே கற்கும்.

முடிபு

வரம்பின்றி விடுவதும் கோலெடுத்து அடக்குவதும் பருவத்தை நோக்காமையாகிய ஒரே பிழையின் இரு வடிவங்கள். கைக்குழந்தைக்கு நம்பிக்கையும், தவழ்ந்து நடக்கும் பிள்ளைக்குத் தக்க இடமும், வினவும் பிள்ளைக்கு விடையும், உதவ விழையும் பிள்ளைக்கு அளவறிந்த பொறுப்பும் தருதல் பெற்றோர் கடன். இவற்றை ஏழைப் பெற்றோர் தனித்து நின்று தர இயலாது. ஆகவே, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தறிக்குத் துணையாளராக வயதுவந்தோரை அமர்த்தும் கூலியைச் சேலை விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். அங்கன்வாடிகள் தறி ஓடும் நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். காஞ்சிப் பட்டை விரும்பி உடுத்துவோர் அவ்விலையை மனமுவந்து கொடுக்க வேண்டும்.