டிராம் நின்ற கதையும் நம் ஸ்டேஷன் வண்டி நிறுத்தமும்

சென்ற கமிட்டிக் கூட்டத்தில், ஸ்டேஷன் பக்கத்தில் டூவீலர் நிறுத்த இடம் போதவில்லை, அதைப் பெரிதாக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்று பலரும் பேசினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் நம் ஊரின் பழைய கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இந்தியாவில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான்; 1895 மே 7 அன்று. கல்கத்தாவில் 1902-லும் பம்பாயில் 1907-லும்தான் வந்தது. முதலில் தரைக்கு அடியில் மின்சாரம் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் அது தொல்லை தரவே, தலைக்கு மேல் கம்பி கட்டினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. காரணம், கம்பெனிக்கு நஷ்டம்.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதியவன் என்பதால் சொல்கிறேன். அந்த லாப நஷ்டக் கணக்கில் டிக்கெட் வசூல் இருந்தது, சம்பளம் இருந்தது, பழுதுபார்ப்புச் செலவு இருந்தது. டிராமை நிறுத்தினால் ஜனங்கள் எதில் போவார்கள், அந்தப் புகை யார் தலையில் விழும் என்பதற்குப் பத்தியே இல்லை. அந்தக் காலத்தவரைக் குறை சொல்ல முடியாது. கார்பன் கணக்கை அன்று யார் கேட்டார்கள்?

நல்லவேளை, மின்சார ரயில் தப்பியது. 1931 ஏப்ரல் 2 அன்று கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் கடற்கரை – தாம்பரம் 29 கிலோமீட்டர் பாதையில் பொதுமக்களுக்காக ஓடியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் இப்படி வளர்ந்ததற்கு இந்தப் பாதை ஒரு முக்கியக் காரணம். 2004 ஜூலை 1 அன்று மீட்டர் கேஜ் வண்டிகள் விடைபெறும்வரை சீசன் டிக்கெட்டோடு அதில் பாரிமுனைக்குப் போய் வந்தவன் நான்.

இதற்கிடையில் தொழில் வளர்ந்தது. டிராம் நின்ற இரண்டே ஆண்டில், 1955-ல், திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் இது. வாகனக் கடன் மனுக்களை நானே நூற்றுக்கணக்கில் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். ஆகவே இந்தக் கணக்கில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது விடுபட்ட அந்தப் பத்தியை எழுதிப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குக் காரில் போய்வர 58 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 கிலோ. மாதத்தில் 25 நாள் போனால் 220 கிலோவுக்கு மேல். ரயிலுக்கான மின்சாரமும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கே ஒரு வண்டியின் புகையை ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

2070-க்குள் நிகர கார்பன் வெளியீட்டைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு வாக்குக் கொடுத்தது. சென்னையில் 2015-ல் மெட்ரோ வந்தது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. டிராம் நின்று 72 வருடம் கழித்து மறுபடி மின்சாரத்தில் ஓடும் வண்டி நம் சாலையில்! விட்டதைப் பிடிக்க எவ்வளவு காலம், எவ்வளவு பணம் ஆகிறது பாருங்கள்.

அரசு செய்வது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை உள்ள இரண்டு கிலோமீட்டர் நம் கையில் இருக்கிறது. வண்டி நிறுத்தத்தைப் பெரிதாக்கினால் அடுத்த ஆண்டு அதுவும் நிரம்பும். ஸ்டேஷனுக்கே வண்டியில் கிளம்பியவர், இடம் கிடைக்காத அன்று அப்படியே ஆபீஸ்வரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். அதே மனுவில், காலையும் மாலையும் நம் தெருக்கள் வழியாக ஒரு மினி பஸ், நடைபாதையில் சரியான விளக்கு, சைக்கிள் விட ஒரு கொட்டகை என்று கேட்டால் என்ன? முழங்கால் வலியுள்ள என்னைப் போன்றவர்களுக்கும் அது உதவும்.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க இருக்கிறேன். எதிர்க்கருத்து உள்ளவர்களும் அவசியம் வந்து பேசுங்கள். இந்த முறை எல்லாப் பத்தியையும் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்ப்போம்.